படைவீரர் அல்லர், கனடாக்காரரும் அல்லர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் இரண்டாம் உலகப் போர் பற்றி வந்த கட்டுரை நன்றாக இருந்தது. அதனோடு வெளியான ஒரு படத்தின்கீழ் மட்டும் "ஸ்காட்லாந்தில் மரம் வெட்டும் கனடா ராணுவத்தினர்" என்று அச்சாகியிருக்கிறது. அவர்கள் நியூஃபவுண்ட்லாந்திலிருந்து வந்த மரம்வெட்டிகள் என்று கட்டுரைக்குள்ளேயே ஒரு வரி சொல்கிறது. அந்த வரிதான் சரி, படக்குறிப்பு தவறு. அவர்கள் ராணுவத்தினர் அல்லர், அன்றைக்குக் கனடாக்காரர்களும் அல்லர். அச்சுப்பிழை என்று விட்டுவிடக்கூடிய தவறாக இருந்தால் எழுதியிருக்க மாட்டோம். இதே குழப்பத்தால் அந்த மனிதர்கள் அரை நூற்றாண்டு காலம் இழந்தது அதிகம்.

நியூஃபவுண்ட்லாந்து கனடாவின் ஒரு மாகாணமானது 1949 மார்ச் 31 அன்று. அதற்குமுன் அது தனி நாடாக இருந்து, கடன் சுமையாலும் மீன் விலை வீழ்ச்சியாலும் நொடித்து, 1934-இல் தன் சட்டமன்றத்தையே இழந்தது. லண்டன் நியமித்த ஆணையம் ஒன்று அதை ஆண்டது. வேலையில்லாதவருக்கு அரசு தந்த நிவாரணம் ஆளுக்கு நாளொன்றுக்கு 6 சென்ட். 1939 நவம்பரில் பிரிட்டன் 2,000 மரம்வெட்டிகள் வேண்டும் என்று கேட்டபோது கூட்டம் கூட்டமாக ஆட்கள் வந்ததற்குத் தேசப்பற்று ஒரு காரணம், அந்த 6 சென்ட் இன்னொரு காரணம். டிசம்பர் நடுவில் முதல் குழு கப்பலேறியது. 1940 பிப்ரவரிக்குள் 2,000 பேருக்கு மேல் பிரிட்டன் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். போர்க்காலம் முழுவதையும் சேர்த்தால் 3,500-க்கும் மேல். அமைப்பின் பெயர் நியூஃபவுண்ட்லாந்து கடல்கடந்த வனத்தொழில் பிரிவு. தலைமை வகித்தவர் ஜாக் டர்னர் என்னும் வன அதிகாரி.

ஆயிரக்கணக்கான ஆட்களைக் கடல் தாண்டிக் கொண்டுவந்து மரம் வெட்டச் சொல்லும் அளவுக்கு என்ன அவசரம் என்று வாசகர்கள் கேட்கலாம். விடை நிலக்கரிச் சுரங்கத்தில் இருக்கிறது. நெய்வேலியில் பார்ப்பதுபோல மேல்மண்ணை வாரிப்போட்டுவிட்டு எடுக்கும் திறந்தவெளிச் சுரங்கம் அல்ல அது. பூமிக்கடியில் குடைந்துபோய், தலைக்குமேல் பாறையை வைத்துக்கொண்டு கரி வெட்டும் சுரங்கம். வெட்டிய இடத்தில் கூரை இறங்காமலிருக்க, உடனுக்குடன் மரத்தூண் நிறுத்த வேண்டும். நம் ஊரில் கான்கிரீட் தளம் போடும்போது சென்ட்ரிங்குக்குச் சவுக்குக் கம்பு நிறுத்துகிறோமே, அதே வேலைதான். வித்தியாசம், சென்ட்ரிங் கம்பைப் பிறகு பிரித்துவிடுகிறோம். சுரங்கத்தில் பெரும்பாலான மரம் போனது போனதுதான். கரிமுகம், அதாவது கரி வெட்டும் இடம், முன்னேற முன்னேற புது முட்டுமரம் வந்துகொண்டே இருக்க வேண்டும். வராவிட்டால் கரி இல்லை. கரி இல்லாவிட்டால் ரயிலும் இல்லை, மின்சாரமும் இல்லை, இரும்பு உலையும் இல்லை. பேச்சுவழக்கில் முட்டுக்கட்டை என்றால் தடங்கல். சுரங்கத்தில் அது இல்லாவிட்டால்தான் எல்லாம் நின்றுபோகும்.

போருக்கு முன் பிரிட்டன் தன் மரத் தேவையில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் வெளிநாட்டிலிருந்து வாங்கியது. முட்டுமரம் ஸ்காண்டிநேவியாவிலிருந்தும் பால்டிக் கரையிலிருந்தும் வந்தது. சவுத் வேல்ஸ் சுரங்கங்களுக்குப் பிரான்சின் போர்தோ பக்கத்துப் பைன் மரம் வந்தது. கரி ஏற்றிப்போன கப்பல் திரும்புகையில் மரம் ஏற்றி வரும். 1940 ஏப்ரலில் ஜெர்மனி நார்வேக்குள் நுழைந்து, ஜூனில் பிரான்சும் வீழ்ந்தபின் இந்த வழிகள் அடைபட்டன. அட்லாண்டிக்குக்கு அப்பாலிருந்து மரத்தையே வரவழைக்கலாம் என்றால், மரம் இடத்தை அடைக்கும் சரக்கு. நீர்மூழ்கிகள் வேட்டையாடும் கடலில் கோதுமைக்கும் ஆயுதத்துக்கும் இடம் போதாதபோது கட்டைக்கு எங்கே இடம்? மரத்தைக் கொண்டுவருவதைவிட மரம் வெட்டுகிறவனைக் கொண்டுவருவது மலிவு. கணக்கு அவ்வளவுதான்.

உள்நாட்டுக் காடுகளின் நிலையையும் சொல்ல வேண்டும். முதல் உலகப் போரில் முட்டுமரத்துக்குத் திண்டாடிய பாடத்தால்தான் 1919-இல் பிரிட்டன் வன ஆணையத்தை அமைத்தது. ஆனால் அந்த ஆணையம் நட்ட மரங்களில் மிக மூத்தவற்றுக்கே 1939-இல் வயது 20. ஊசியிலை மரத்துக்கு அது விடலைப் பருவம். களையெடுப்புபோல நெருக்கத்தைக் குறைக்கும்போது கிடைக்கும் மெல்லிய கம்பு குட்டை முட்டுக்கு ஆகும். ரயில் குறுக்குக்கட்டைக்கும் பலகைக்கும் தந்திக்கம்பத்துக்கும் ஆகாது. அதனால் ஸ்காட்லாந்து மேட்டுநிலத்துப் பிரபுக்களின் எஸ்டேட்டுகளில் நின்ற பழைய பைன், லார்ச், ஸ்புரூஸ் மரங்கள்மேல் கை வைக்க வேண்டியதாயிற்று.

வந்தவர்கள் தங்கள் ஊரில் கிராண்ட் ஃபால்ஸ், கார்னர் புரூக் காகித ஆலைகளுக்கு மரம் வெட்டிப் பழகியவர்கள். கருவி கோடரியும், மரச்சட்டம் போட்ட வாளும். வாள் அலகு மெல்லியது. சட்டத்தின் மறுபக்கத்தில் இழுத்துக் கட்டிய கயிற்றை ஒரு குச்சியால் முறுக்கித்தான் அலகுக்கு விறைப்பு ஏற்றுவார்கள். முறுக்கு குறைந்தால் வெட்டு கோணலாக ஓடும். பற்களை ஒன்றுவிட்டு ஒன்று இடமும் வலமுமாகச் சாய்த்து வைத்தால்தான் வெட்டுவாய் அலகைவிட அகலமாக இருந்து வாள் சிக்காமல் போகும். பைன் பிசின் அலகில் அப்பினால் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைக்க வேண்டும். மரம் எந்தப் பக்கம் விழவேண்டுமோ அந்தப் பக்கம் கோடரியால் முதலில் வாய் வெட்டி, பிறகு எதிர்ப்பக்கத்திலிருந்து அதைவிடச் சற்றே உயரத்தில் வாள் போடுவார்கள். நடுவில் விரற்கடை அளவு மரத்தை அறுக்காமல் விட வேண்டும், கதவுக்குக் கீல் மாதிரி. அதையும் அறுத்துவிட்டால் மரம் எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல முடியாது. வாய் வெட்டு போதாவிட்டால் மரம் நெட்டுக்குத்தாகப் பிளந்து அடிப்பகுதி பின்னால் எகிறும். வெட்டுகிறவன் நெஞ்சுக்கு நேராக.

வெட்டுவது பழகிய வேலை. திணறவைத்தது, வெட்டியதை மலையிலிருந்து இறக்குவது. நியூஃபவுண்ட்லாந்தில் பனிக்காலம் வரும்வரை வெட்டி அடுக்கி, உறைபனிமேல் குதிரைச் சறுக்குவண்டியில் ஆற்றங்கரைக்கு இழுத்து, இளவேனிலில் பனி உருகியதும் வெள்ளத்தோடு ஆலைக்கு மிதக்கவிடுவார்கள். ஸ்காட்லாந்தில் நம்பிக்கையான பனியும் கிடையாது, கட்டை மிதக்கவிட வசதியான ஆறும் கிடையாது. கிடைத்தது மழையும் சேறும் செங்குத்துச் சரிவும். குதிரை வெறுந்தரையில் சங்கிலி போட்டு இழுத்தால் கட்டையின் முனை மண்ணை உழுதுகொண்டே வரும். மண்ணும் கல்லும் ஏறிய கட்டை அறுவை மில்லில் வாளின் பல்லை உடைக்கும். ஊரில் கற்ற தொழிலில் பாதியை இங்கே புதிதாகக் கற்க வேண்டியிருந்தது. தங்குமிடத்தையும் அவர்களே உருட்டுக்கட்டைகளை மேலுக்குமேல் கோத்துக் கட்டிக்கொண்டார்கள். அக்கம்பக்கத்து ஸ்காட்லாந்துக்காரர்களுக்கு அப்படியொரு வீடே புதுமை.

முட்டுமரம் என்றால் வெட்டிய மரத்தைத் துண்டுபோட்டு அனுப்புவது என்று நினைக்கக் கூடாது. பட்டை உரிக்க வேண்டும். பட்டைக்கடியில் ஈரம் தங்கினால் சுரங்கத்தின் வெதுவெதுப்பில் பூஞ்சணம் பிடித்து மரம் உளுத்துப்போகும். வெடிப்பும் கணுவும் கண்ணுக்குத் தெரியாது. நீரோட்டம் ஏறும் இளவேனிலில் பட்டை வாழைமட்டைபோல உரியும். குளிர்காலத்தில் வெட்டினால் ஒட்டிக்கொண்டு உயிரை வாங்கும், கத்தியால் சீவித்தான் எடுக்க வேண்டும். உரித்தபின் காற்றுப் புகும்படி குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி உலர்த்த வேண்டும். பச்சை மரம் கனமும் கூட, பலமும் குறைவு. கரிப்படலத்தின் உயரத்துக்குத் தக்க நீளம் மாறும். ஒல்லியான தூணில் நீளம் இரட்டிப்பானால் வளையாமல் தாங்கும் சுமை கால்பங்காகக் குறையும். எனவே நீளத்துக்கேற்ற பருமன் இல்லாத மரத்தைக் கழித்துவிட வேண்டும். வளைந்த மரமும் அப்படித்தான்.

சுரங்கத்தில் தூணின் தலைக்கும் கூரைக்கும் நடுவில் ஒரு தட்டையான மரத்துண்டை அடித்து இறுக்குவார்கள். கூரை அழுத்தத் தொடங்கும்போது முதலில் நசுங்குவது அந்தத் துண்டு, பிறகு தூணின் முனை. அப்போது மரம் முனகும். நார் நாராக நெரியும் அந்தச் சத்தம் கேட்டதும் சுரங்கத் தொழிலாளி கருவியைப் போட்டுவிட்டு ஓடுவான். இரும்புத் தூணிலும் முட்டுக் கொடுத்தார்கள், அது பலம்தான். ஆனால் எச்சரிக்கை தராமல் மடங்கக்கூடியது. "மரம் பேசும்" என்று பழைய தொழிலாளிகள் பைன் மரத்தை விரும்பியதற்குக் காரணம் இதுதான். 1943 டிசம்பர் முதல், தேசியச் சேவைப் பதிவு எண்ணின் கடைசி இலக்கத்தைக் குலுக்கலில் எடுத்து இளைஞர்களைக் கரிச்சுரங்கத்துக்கு அனுப்பினார்கள். தொழிலாளர் அமைச்சர் ஏர்னஸ்ட் பெவின் பெயரால் அவர்களுக்குப் பெவின் பையன்கள் என்று பெயர். அந்தப் புதியவர்கள் தலைக்குமேல் நின்ற கூரையைத் தாங்கியது இந்த மாதிரி மரம்தான்.

இனி அந்தப் படக்குறிப்புக்கு வருகிறோம். 1917-இல் நியூஃபவுண்ட்லாந்திலிருந்து சுமார் 500 பேர் கொண்ட ஒரு வனப்படை ஸ்காட்லாந்தின் டன்கெல்ட் பக்கம் வந்து மரம் வெட்டியது. அது ராணுவப் பிரிவு, சீருடை உண்டு. 1940 முதல் கனடா அனுப்பிய வனப்படையும் 30 கம்பெனிகள் கொண்ட ராணுவப் பிரிவு. இவை இரண்டோடும் சேர்த்துக் குழப்பப்படுவது 1939-இல் வந்த இந்தக் குடிமக்கள் பிரிவு. இவர்கள் கையெழுத்திட்டது வேலை ஒப்பந்தத்தில். முதலில் வந்தவர்களுக்கு ஒப்பந்தம் ஆறு மாதம். அது முடிந்ததும் பலர் ஊர் திரும்பினார்கள். கணிசமானோர் பீரங்கிப் படையிலும் கடற்படையிலும் விமானப்படையிலும் சேர்ந்தார்கள். வேலை அரைகுறையாக நின்றது. ஆறு மாதத்தில் போர் முடிந்துவிடும் என்று எண்ணி ஒப்பந்தம் எழுதியது அதிகாரிகளின் தவறு. தொழிலாளிகளைக் குறைசொல்ல இடமில்லை. அடுத்து எடுத்தவர்களிடம் போர் முடியும்வரை என்று கையெழுத்து வாங்கினார்கள். 1942-இல் இவர்களிலிருந்து சுமார் 700 பேரைக் கொண்டு உள்ளூர்க் காவற்படையில் இன்வெர்னஸ் மூன்றாவது பட்டாலியன் அமைந்தது. பகலில் மரம் வெட்டு, ஓய்வு நேரத்தில் துப்பாக்கிப் பயிற்சி. அப்போதும் அவர்கள் குடிமக்கள்தான். பிரிவு கலைக்கப்பட்டது 1946-இல்.

குடிமக்கள் என்ற அந்தச் சொல்தான் பின்னாளில் வினையானது. படைவீரருக்குரிய முழு ஓய்வுப் பயன்களை இவர்களுக்கும் தரும்படி கனடா நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது 2000-இல். 1940-இல் 20 வயதில் வந்தவருக்கு அப்போது 80 வயது. அதைப் பெற எத்தனை பேர் உயிரோடு இருந்திருப்பார்கள்? "ராணுவத்தினர்" என்று நாம் படத்தின்கீழ் எழுதும்போது, இவர்களுக்கு எல்லாம் முறைப்படி கிடைத்திருக்கும் என்ற எண்ணம் வாசகர் மனத்தில் தானாக ஏறிவிடுகிறது. எங்கள் வருத்தம் அதுதான்.

இதே ஸ்காட்லாந்துக்கு இன்றைய பெலிஸிலிருந்து, அன்றைய பிரிட்டிஷ் ஹோண்டுராஸிலிருந்து, 1941-லும் 1942-லும் இரு குழுக்களாகச் சுமார் 900 கறுப்பினத் தொழிலாளிகள் வந்தார்கள். மகாகனி வெட்டிப் பழகிய வெப்பநாட்டுக்காரர்கள். கட்டி முடியாத குடிசைகளில், போதிய உடுப்பில்லாமல், ஸ்காட்லாந்துக் குளிரில் தங்கவைக்கப்பட்டு நோயில் விழுந்தவர்கள் பலர். உள்ளூர்ப் பெண்களோடு பழகுகிறார்கள் என்று புக்ளூ பிரபு அரசுக்குப் புகார் எழுதினார். பிற்காலத்தில் பிரதமரான ஹரால்ட் மேக்மில்லன் அப்போது குடியேற்றநாட்டுத் துறையில் அதற்குப் பதில் எழுதும் இடத்தில் இருந்தார். 1943 முடிவில் பிரிவைக் கலைத்துவிட்டார்கள். கட்டுரையில் இவர்களைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அடுத்த முறை இடம் கொடுங்கள்.

இந்தியாவுக்கும் இதில் ஓர் இழை உண்டு. 1941 முதல் இந்திய இளம் தொழிலாளிகள் குழுகுழுவாகப் பிரிட்டன் போய்த் தொழிற்சாலைப் பயிற்சி பெற்றார்கள். பெவின் திட்டம் என்று பெயர். அவர்களையும் பெவின் பையன்கள் என்றே அழைத்ததால் கரிச்சுரங்கத்துக்குப் போன பிரிட்டிஷ் இளைஞர்களோடு சேர்த்துக் குழப்புகிறார்கள். தங்கள் பக்கங்களில் அவர்களைப் பற்றி எழுத நேர்ந்தால் இந்த வேறுபாட்டையும் கவனிக்க வேண்டுகிறோம்.

திருத்தம் வெளியிட இடம் குறைவு என்றால் ஒரு வரி போதும்: "ஸ்காட்லாந்தில் நிலக்கரிச் சுரங்கங்களுக்கு முட்டுமரம் வெட்டும் நியூஃபவுண்ட்லாந்துக் குடிமக்கள், போர்க்கால ஒப்பந்தத் தொழிலாளிகள்."

இப்படிக்கு,
தங்கள் வாசகர்கள் இருவர்,
நெய்வேலி