‘அனைத்தும்’ என்ற ஒரு சொல்

மதிப்பிற்குரிய ஆசிரியர் ஐயா,

சென்ற ஞாயிறு மலரின் மருத்துவப் பக்கத்தில், “தைமஸுக்குள் நுழையும் உயிரணுக்கள் அனைத்தும் பயிற்சி பெற்று வீரர்களாக வெளியேறுகின்றன” என்று அச்சாகியிருந்தது. தைமஸ் என்பது, நோய்க்கிருமிகளோடு போரிடும் டி உயிரணுக்கள் முதிரும், மார்பெலும்புக்குப் பின்னுள்ள சுரப்பி. ‘அனைத்தும்’ என்ற சொல்லைக் கண்டு மனம் நொந்தேன். 100இல் 5கூட வெளியேறுவதில்லை என்பது தாங்கள் அறியாததா?

எலும்பு மஜ்ஜையிலிருந்து வரும் இளம் உயிரணு, தைமஸின் வெளிப்பகுதியான புறணியும் உட்பகுதியான அகணியும் சேரும் இடத்தில் நுழைந்து வெளிவிளிம்பு வரை ஏறுகிறது. பிறவற்றை அடையாளம் கண்டு பற்றும் தன் ஏற்பியை, மரபணுத் துண்டுகளைக் கலைத்துச் சேர்த்துத்தான் உருவாக்கிக்கொள்கிறது. எது அமையும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. அதனால்தான் சோதனை. உயிரணுக்களின் மேற்பரப்பில் புரதத் துண்டுகளை ஏந்திக் காட்டும், உடலின் சொந்த எச்.எல்.ஏ. புரதத்தைப் பற்றத் தெரியாதவை புறணியிலேயே 3, 4 நாளில் மடிகின்றன. பெருங்கழிவு இங்குதான். பற்றியவை அதுவரை அலைந்த அலைச்சலை விட்டு, சி.சி.ஆர்.7 என்னும் மற்றொரு ஏற்பி வழிகாட்ட அகணிக்கு விரைகின்றன. அங்கே ‘ஏயர்’ மரபணுவின் உதவியால், கணையத்துக்குரிய இன்சுலினைத் தைமஸின் உயிரணுவே செய்து காட்டுகிறது! அதை இறுகப் பற்றும் டி உயிரணு, உடலையே தாக்கக்கூடும் என்பதால் அழிக்கப்படும். சில, மற்றவற்றை அடக்கும் ஒழுங்காற்று உயிரணுக்களாக மாறும். இவ்வகை உயிரணுக்கள் பற்றிய ஆய்வுக்காகவே ஜப்பானிய அறிவியலாளர் சகாகுச்சி உள்ளிட்ட மூவருக்கு 2025இல் மருத்துவ நோபல் கிடைத்தது. தங்கள் ஏட்டில் அது நான்கு வரிச் செய்தி.

செம்பனை நாற்றுப் பண்ணையில் கோணல் கன்றைக் கழிக்காமல் நட்டால் 25 ஆண்டுக்கு நட்டம் என்று அறிந்த ஊர் எங்களுடையது. கழிப்பதுதான் தைமஸின் வேலை என்று எழுதியிருந்தால் இங்கே எவருக்கும் புரிந்திருக்கும்.

கடந்த தீபாவளி மலரிலும், குழந்தைகளுக்கு வரும் முதல் வகை நீரிழிவுக்கு இனிப்பே காரணம் என்று எழுதினீர்கள். பெற்றவளைக் குற்றவாளியாக்கும் வரி அது. இன்சுலின் சுரக்கும் உயிரணுக்களைத் தாக்கும் டி உயிரணுக்கள் இந்தச் சோதனையில் தப்பிவிடுவதே அந்நோயின் வேர்; தைமஸில் இன்சுலின் குறைவாகக் காட்டப்படும் மரபு வகையினருக்கு ஆபத்து கூடுதல். கட்டுரைக்குப் பக்கத்திலேயே ‘எதிர்ப்பாற்றலைப் பெருக்கும் மாவு’ விளம்பரம் வேறு. எதிர்ப்பாற்றல் உடலையே தாக்கும் லூபஸ் நோய்க்காக, அந்த ஆற்றலைத் தணிக்கும் மருந்து உண்பவரும் தங்கள் வாசகர்தான், ஐயா.

அடுத்த ஞாயிறு, அதே பக்கத்தில், அதே எழுத்தளவில், ‘அனைத்தும்’ என்பதை ‘மிகச் சிலவே’ என்று திருத்தி வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உயிரியல் ஆசிரியர்,
சுங்கை சிப்புட், பேராக்