நாலு பக்கத்த மட்டும் குடுத்து எத்தன சென்ட்டுன்னு கேக்காதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் முசிறி பக்கம் ஒரு சின்ன கம்ப்யூட்டர் சென்டர் வச்சிருக்கேன். ஜெராக்ஸ், பட்டா, சிட்டா, புலப்படம், வில்லங்கம்னு காலைல கடைய திறந்தா ராத்திரி வரைக்கும் நிலம் சம்பந்தப்பட்ட பேப்பர்தான் கைல ஓடிட்டே இருக்கும். படிச்சது பி.எஸ்சி கணக்கு. ஏஐ பத்தி உங்க பத்திரிகைல அடிக்கடி போடுறீங்க, வேலை போயிடும், போகாதுன்னு ரெண்டு பக்கமும் எழுதுறீங்க, ஆனா எங்க ஊர் பக்கம் ஜனங்க அத எதுக்கு பயன்படுத்துறாங்கன்னா நிலத்த அளந்து சென்ட் கணக்கு போடுறதுக்கு, அதுல நடக்குற ஒரு தப்ப பத்தி நான் பாத்தத சொல்லியே ஆகணும்னுதான் இந்த கடிதம்.

ரெண்டு மாசம் முன்னாடி அண்ணன் தம்பி ரெண்டு பேர் கடைக்கு வந்தாங்க, வரும்போதே சத்தம். அப்பா காலத்து துண்டு நிலம் ஒண்ணு, பொதுவுல இருக்கு, அத வித்து பாதி பாதி எடுத்துக்கலாம்னு பேசி, சென்ட் 60 ஆயிரம்னு வெலையும் பேசி அட்வான்ஸும் வாங்கிட்டாங்க. அளந்தது அண்ணன் மகன். நாலு பக்கமும் டேப்பு புடிச்சு, 120 அடி, 90 அடி, 140 அடி, 110 அடின்னு குறிச்சு, போன்ல இருக்குற ஏஐ-ட்ட கேட்டிருக்கான். அது எதிர் எதிர் பக்கத்த சராசரி எடுத்து, 130 இன்ட்டு 100, மொத்தம் 13,000 சதுர அடி, 29.84 சென்ட்டுன்னு அழகா படிப்படியா போட்டு குடுத்திருக்கு. அத நம்பி அக்ரிமென்ட்லயும் 29 முக்கால் சென்ட்டுன்னு எழுதிட்டாங்க. வாங்குறவர் ஒரு சர்வேயர கூட்டிட்டு வந்து அளந்தா 27 அரைக்கு கிட்டதான் வருது. உடனே தம்பிக்கு சந்தேகம், அண்ணன் தன் வயல் பக்கம் இருக்குற வரப்ப தள்ளி வச்சுட்டாரோன்னு, ஏன்னா ஒட்டி இருக்குற வயல் அவரோடது. 2 சென்ட்டுக்கு மேல காணோம்னா 1 லட்சத்து 40 ஆயிரம் ரூபா, சண்ட வராம எப்படி இருக்கும்.

நான் பட்டாவ எடுத்து பாத்தேன், 0.11.0 ஹெக்டேர்னு இருந்துச்சு, அதாவது 11 ஏர்ஸ், ஒரு ஏர் 2.47 சென்ட், அப்ப 27.18 சென்ட்தான். யாரும் வரப்ப தள்ளல, அளந்த அளவும் தப்பில்ல, கணக்கு போட்ட விதம்தான் தப்புன்னு எனக்கு அப்பவே தெரிஞ்சு போச்சு. "ஏண்ணே, மூலைக்கு மூல குறுக்களவு எடுத்தீங்களா"ன்னு கேட்டேன். "எங்க பாப்பா எடுக்குறது, அப்ப சோளம் ஆள் ஒசரத்துக்கு நின்னுச்சு, உள்ள போக முடியல, வரப்பு மேலயே நடந்து சுத்தி அளந்தோம்"னாரு. விஷயம் இவ்வளவுதான். வரப்புல நடக்க முடியும், அதனால நாலு பக்கம் கிடைக்குது, குறுக்க நடக்க முடியாது, அதனால குறுக்களவு கிடைக்கல.

நாலு பக்கம் தெரிஞ்சா பரப்பளவு தெரிஞ்சிடும்னு நெறைய பேர் நினைக்கிறாங்க, அது தெரியாது. கயித்துக்கட்டிலோட வெறும் சட்டத்த, கயிறு கட்டுறதுக்கு முன்னாடி, ஒரு மூலைய புடிச்சு தள்ளி பாருங்க, நாலு கட்டையோட நீளமும் மாறாது ஆனா சட்டம் சாஞ்சு உள்ள இருக்குற இடம் சுருங்கும். நிலமும் அப்படித்தான். அதே 120, 90, 140, 110 வச்சுகிட்டு குறுக்களவு 130 அடின்னா 27.48 சென்ட் வரும், குறுக்களவு 110 அடின்னா 24.5 சென்ட்தான் வரும், பக்கம் ஒரு இன்ச் கூட மாறல ஆனா 3 சென்ட் வித்தியாசம். இன்னொண்ணு சொல்றேன், இந்த நாலு பக்கத்த எப்படி வளச்சு வச்சாலும் 12,897 சதுர அடிக்கு மேல அதுக்குள்ள இடமே கிடையாது, ஏஐ சொன்ன 13,000 இந்த உலகத்துல அந்த நாலு பக்கத்துக்கு வரவே முடியாத ஒரு விடை! சராசரி கணக்கு எப்பவும் கூட்டித்தான் காட்டும், நிலம் சரியான செவ்வகமா இருந்தா மட்டும்தான் சரியா வரும்.

இது புதுசா கண்டுபிடிச்ச சங்கதி இல்லைங்க. 628லயே பிரம்மகுப்தர்ங்குற நம்ம நாட்டு கணக்கு அறிஞர் இந்த சராசரி கணக்க தோராயம்னுதான் சொன்னாரு, சரியான விடைக்குன்னு வர்க்கமூலம் வச்ச வேற சூத்திரம் குடுத்தாரு, அதுவும் நாலு மூலையும் ஒரே வட்டத்து மேல உக்காந்தாத்தான் பொருந்தும், மேல நான் சொன்ன 12,897 அதுல இருந்து வந்ததுதான். அப்புறம் 1150ல பாஸ்கரர் லீலாவதிங்குற தன்னோட கணக்கு புத்தகத்துல இன்னும் கோவமாவே எழுதுறாரு, குத்துக்கோடோ குறுக்குக்கோடோ சொல்லாம நாற்கரத்துக்கு பரப்பு கேக்குறவன் பிசாசு, அதுக்கு பதில் சொல்றவன் அத விட பெரிய பிசாசுங்குற அர்த்தத்துல. அத காலேஜ்ல படிச்சப்ப சும்மா சுவாரசியமா இருந்துச்சு, அந்த ரெண்டு பேரும் என் கடைல நின்னு கத்துனப்பதான் அதோட கனம் புரிஞ்சுது.

சரி, அன்னைக்கு என்ன பண்ணோம்னு சொல்றேன். சோளம் அறுத்து வயல் காலியா இருந்துச்சு, சாயந்திரமே ரெண்டு பேரையும் போய் குறுக்களவு எடுத்துட்டு வர சொன்னேன். 100 அடி டேப்புதான் இருந்துச்சு, அதனால ரெண்டு மூலைக்கும் நேர் கோட்டுல வர்ற மாதிரி கண்ணால பாத்து நடுவுல ஒரு குச்சிய நட்டு, அது வரைக்கும் ஒரு தடவ, அதுல இருந்து மறு தடவன்னு அளக்கணும், குச்சி விலகுச்சுன்னா அளவு கூடிரும், அதையும் சொல்லி அனுப்புனேன். 130 அடின்னு வந்து சொன்னாங்க.

அப்புறம் நான் கம்ப்யூட்டர்ல எக்செல்ல திறந்து, பக்கத்துலயே ஏஐ-யும் திறந்து வச்சு, தமிழ்லயே டைப் பண்ணேன்: "எனக்கு விடை வேண்டாம், ஃபார்முலா வேணும். அஞ்சு கட்டத்துல நாலு பக்கமும் ஒரு குறுக்களவும் நான் போடுவேன், குறுக்குக்கோட்டால நிலம் ரெண்டு முக்கோணமா பிரியுது, ஒவ்வொரு முக்கோணத்துக்கும் ஹெரான் சூத்திரம் தனித்தனி கட்டத்துல காட்டு, கடைசில கூட்டி சதுர அடி, சென்ட், ஏர்ஸ் மூணும் காட்டு, எல்லாத்தையும் ஒரே ஃபார்முலாவுல திணிக்காத". ஹெரான் சூத்திரம்னா மூணு பக்கத்தோட நீளத்த மட்டும் வச்சு முக்கோணத்தோட பரப்ப கண்டுபிடிக்கிறது. ஒரு நிமிஷம் கூட ஆகல. ஒவ்வொரு முக்கோணத்தோட அரை சுற்றளவுக்கும் ஒரு கட்டம், முதல் முக்கோணத்துக்கு ஒரு கட்டம், ரெண்டாவதுக்கு ஒரு கட்டம்னு போட்டு குடுத்துருச்சு. முதல் முக்கோணம் 5,215 சதுர அடி, ரெண்டாவது 6,753, மொத்தம் 11,968, ஒரு சென்ட் 435.6 சதுர அடி, அதால வகுத்தா 27.48 சென்ட். பட்டாவுல இருக்குற 27.18க்கு பக்கத்துல வந்து நின்னுச்சு, சர்வேயர் சொன்னதும் அதுதான். ஸ்கிரீன தம்பி பக்கம் திருப்பி ஒவ்வொரு கட்டமா விரல வச்சு காட்டுனேன், இது நீங்க அளந்த 120, இது 90, இது இப்ப எடுத்துட்டு வந்த குறுக்கு 130, இதுல இருந்து இது வருதுன்னு. அந்த ஆளு ரொம்ப நேரம் பாத்துட்டு அண்ணன திரும்பி பாத்தாரு, ஒண்ணும் பேசல.

இதுல ஏஐ மேல எனக்கு கோவம் கிடையாது, அத சொல்லிடுறேன். அதே ஏஐ-ட்ட அப்புறம் நானே கேட்டு பாத்தேன், "இந்த நாலு பக்கத்துக்கு ஒரே ஒரு பரப்பளவுதான் வருமா"ன்னு, வராது, குறுக்களவோ ஒரு மூலையோட கோணமோ வேணும்னு தெளிவா சொல்லுது. அதுக்கு தெரிஞ்சிருக்கு, நாம கேக்கல. நாம "எத்தன சென்ட்"னு கேட்டா அது எப்படியாவது ஒரு சென்ட் சொல்லத்தான் பாக்குது. அதனால எங்க கடைக்கு வர்ற எல்லார்கிட்டயும் நான் சொல்றது, கணக்கு கேக்குறதுக்கு முன்னாடி "நான் குடுத்த அளவு போதுமா, வேற என்ன அளவு வேணும்"னு முதல்ல கேளுங்க, அந்த ஒரு கேள்வில பாதி சண்ட கொறையும்.

ஷீட்ட அப்படியே நம்பவும் கூடாது. நான் ஃபார்முலா வாங்குன உடனே தெரிஞ்ச ஒரு மனைய போட்டு பாப்பேன், 40க்கு 60 மனைக்கு குறுக்கு 72.11 அடி, அத போட்டா 2,400 வரணும், சரியா ஒரு கிரவுண்டு, வரலைன்னா ஃபார்முலா தப்பு. கொத்தனாருங்க மூலமட்டம் பாக்க 3, 4, 5 வைப்பாங்கல்ல, அந்த முக்கோணத்த போட்டா 6 வரணும். அதே மாதிரி குறுக்களவ 130க்கு பதிலா 310னு தப்பா அடிச்சா முக்கோணமே சேராது, எக்செல் நம்பர் எரர்னு காட்டும், அந்த இடத்துல "அளவு தப்பு, திரும்ப அளங்க"ன்னு தமிழ்ல வர்ற மாதிரி செஞ்சு குடுன்னு கேட்டா அதையும் ஏஐ செஞ்சு குடுக்குது.

ரொம்ப பேர் பண்ற இன்னொரு தப்பு இன்ச். 90 அடி 6 இன்ச்ச 90.6னு அடிக்கிறாங்க, 6 இன்ச்சுன்னா அரை அடி, 90.5னு அடிக்கணும். 90 அடி 11 இன்ச்ச 90.11னு அடிச்சா முக்கால் அடிக்கு மேல போயிடுது. ஏஐ-க்கு அது இன்ச்சுன்னு எப்படி தெரியும், நாமதான் அடிக்கு ஒரு கட்டம், இன்ச்சுக்கு ஒரு கட்டம்னு தனியா வச்சுக்கணும். பழைய பத்திரத்துல லிங்க்ஸ்னு இருந்தா அது வேற, ஒரு லிங்க் 0.66 அடி, 66 அடி சங்கிலில நூறுல ஒரு பங்கு.

கோணத்த வச்சு கணக்கு போடுறவங்களுக்கு ஒண்ணு முக்கியமா சொல்லணும், ஏன்னா இதுல தப்பு கண்ணுக்கே தெரியாது. எக்செல்லும் கூகுள் ஷீட்ஸும் சைன் போட்டா கோணத்த டிகிரில எடுத்துக்காது, ரேடியன்ங்குற வேற அளவுல எடுத்துக்கும். 60 டிகிரிய அப்படியே போட்டா மைனஸ் 0.30னு வரும், பரப்பளவே மைனஸ்ல வந்தா யாரும் கண்டுபிடிச்சிருவாங்க. ஆனா 40னு போட்டா 0.745னு வரும், உண்மையான சைன் 40 டிகிரி 0.643. ரெண்டும் பாக்க ஒரே மாதிரி நல்ல நம்பர்தான், ஆனா பரப்பு நூத்துக்கு 16 பங்கு கூடிரும், யாருக்கும் சந்தேகமே வராது. ஏஐ குடுக்குற ஃபார்முலால சைனுக்குள்ள ரேடியன்ஸ்ங்குற வார்த்தை இருக்கான்னு பாத்துக்கோங்க, அவ்வளவுதான்.

நிலம் அஞ்சு ஆறு மூலையா இருந்தா குறுக்குக்கோடு ரெண்டு மூணு போட்டு முக்கோணம் முக்கோணமா பிரிக்கணும், நம்ம சர்வே புலப்படத்துல பண்ணி வச்சிருக்கறதும் கிட்டத்தட்ட இதுதான், குறுக்குக்கோடும் அதுல இருந்து மூலைக்கு குத்துக்கோடும் போட்டு அளவு எழுதியிருப்பாங்க. அத வாங்கி பாத்தீங்கன்னா சோளத்துக்குள்ள போகாமயே குறுக்களவு கிடைச்சிடும், ஆன்லைன்லயே எடுக்கலாம், மீட்டர்ல இருக்கும், அத மட்டும் கவனிச்சுக்கோங்க. ஒரு மூல உள்ள குத்துன மாதிரி இருக்குற நிலத்துல குறுக்குக்கோடு நிலத்துக்கு வெளியவே விழும், அப்ப ஒரு முக்கோணத்த கூட்டாம கழிக்கணும், ஏஐ-ட்ட கண்டிப்பா இத சொல்லுங்க. போன்ல ஆப்ப ஆன் பண்ணி வரப்ப சுத்தி நடந்து வந்து சென்ட் பாக்குறவங்களும் இருக்காங்க, திறந்த வெளில கூட போன் ஜிபிஎஸ் 5 மீட்டர் வரைக்கும் முன்ன பின்ன காட்டும், 5 ஏக்கருக்கு அது பரவால்ல, 27 சென்ட்டுக்கு அத வச்சு வெல பேசக்கூடாது. நான் ஷீட்ல போட்டு குடுக்குறதும் சண்ட தீர மட்டும்தான், பத்திரத்துக்கும் எல்லைக்கும் அரசு சர்வேயர் அளந்து குடுக்குறதுதான் செல்லும், அத எல்லார்கிட்டயும் சொல்லித்தான் பிரிண்ட் குடுக்குறேன்.

எனக்கு இதுல வருத்தம் என்னன்னா ஹெரான் சூத்திரம் ஒன்பதாங்கிளாஸ்லயே இருக்கு. அண்ணன் மகனும் அத படிச்சு பாஸ் பண்ணவன்தான், நான் கேட்டதும் எஸ் மைனஸ் ஏ, எஸ் மைனஸ் பின்னு கடகடன்னு ஒப்பிச்சான். ஆனா தாத்தா நிலத்துல டேப்பு புடிச்சு நின்னப்ப அது இதுக்குத்தான்னு அவனுக்கு தோணல, ஏன்னா வகுப்புல அவனுக்கு யாரும் ஒரு வயல காட்டல. ஸ்கூல் கிரவுண்டுல நாலு குச்சிய நட்டு, புள்ளைங்கள விட்டு நாலு பக்கமும் குறுக்கும் அளக்க சொல்லி, ஷீட்ல போட வச்சு, அதே அளவ ஏஐ-ட்டயும் கேக்க வச்சு ரெண்டையும் ஒப்பிட்டு பாக்க சொன்னா ஒரு பீரியட்ல முடிஞ்சிடும். கணக்கு டீச்சருங்க யாராவது இத படிச்சா தயவு செஞ்சு ஒரு தடவ செஞ்சு பாருங்க.

அக்ரிமென்ட்ட 27 அரை சென்ட்டுன்னு திருத்தி எழுதியாச்சு. அந்த பையன் இப்ப லீவு நாள்ல கடைக்கு வர்றான், அளவு கொண்டு வர்றவங்களுக்கு அவனே ஷீட்ல போட்டு குடுக்குறான், குறுக்களவு இல்லாம வந்தா திருப்பி அனுப்பிடுறான். உங்க விவசாய பக்கத்துல ஒரு நாளைக்கு கொஞ்சம் இடம் ஒதுக்கி இந்த நாலு பக்க வயல படமா போட்டு விளக்கினீங்கன்னா ரொம்ப பேருக்கு உதவும், போடும்போது அந்த குறுக்குக்கோட்ட மட்டும் சிவப்புல போடுங்க.

இப்படிக்கு,
கம்ப்யூட்டர் சென்டர் நடத்தும் ஒரு வாசகி,
முசிறி வட்டம், திருச்சி மாவட்டம்.