மரிக்காரும் ராம்தாசும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இலங்கைத் தமிழ் வானொலியின் பொற்காலம் என்று எழுபதுகளை நினைவுகூர்பவர்கள் பலரும் 'மரிக்கார்' என்ற பெயரைச் சொல்கிறார்கள், அந்தப் பாத்திரத்துக்குக் குரல் கொடுத்த எஸ். ராம்தாஸின் பெயரைச் சொன்னால் ஒரு கணம் யோசிக்கிறார்கள். கலைஞரின் சொந்தப் பெயரையே மேவி நிற்கும் அளவுக்கு ஒரு பாத்திரம் மக்கள் மனத்தில் இடம்பிடித்தது பெருமைக்குரியது. ஆயினும் அந்தப் பெருமையின் நிழலில் ராம்தாஸ் என்ற எழுத்தாளர் மறைந்துபோவது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது.

இலங்கை வானொலியில் ஒலிபரப்பான 'கோமாளிகளின் கும்மாளம்' நகைச்சுவைத் தொடரில், இந்துவான ராம்தாஸ் முஸ்லிம் வர்த்தகரின் பேச்சுத் தமிழில் மரிக்காராகவும், டி. ராஜகோபால் யாழ்ப்பாணத் தமிழில் அப்புக்குட்டியாகவும், எஸ். செல்வசேகரன் சிங்களவர் பேசும் தமிழில் உபாலியாகவும், முஸ்லிமான பி.எச். அப்துல் ஹமீத் பிராமணத் தமிழில் ஐயராகவும் பேசினார்கள். ஒருவர் பேச்சை இன்னொருவர் இத்தனை கரிசனையோடு கேட்டுப் பழகியிருந்தாலன்றி இது கைகூடியிராது. யாரும் யாரையும் இழிவுபடுத்தியதாக நாங்கள் உணரவில்லை. எங்கள் தெருவில் மரிக்காரின் குரலுக்கு முதலில் சிரித்தவர்கள் முஸ்லிம் வீட்டுப் பெரியவர்களே. மரிக்கார் வாயைத் திறந்து இழுத்துப் பேசத் தொடங்கியதுமே, வசனம் முடிவதற்கு முன்னரே சிரிப்பு எழுந்துவிடும்.

1976இல் அதே பாத்திரங்கள் 'கோமாளிகள்' என்ற திரைப்படமாக வந்தபோது, கதை வசனத்தை எழுதியவரும் ராம்தாஸ்தான். உள்நாட்டுத் தமிழ்ப் படங்கள் தமிழகப் படங்களோடு போட்டியிட முடியாமல் திணறிய காலத்தில், வானொலியில் காதால் மட்டும் அறிந்த முகங்களைப் பார்க்கவென்றே மக்கள் திரையரங்குக்குப் போனார்கள். ராம்தாஸ் 2016இல் சென்னையில் காலமானார். உபாலி செல்வசேகரன் அதற்கு முன்னரே விடைபெற்றுவிட்டார்.

வானொலிக் கலைஞனின் உழைப்பு ஒலிநாடா இருக்கும்வரைதான் வாழும். இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் தன்னிடமுள்ள 'கோமாளிகளின் கும்மாளம்' ஒலிப்பதிவுகளைத் தேடி எடுத்து எண்ணிம வடிவில் பாதுகாத்து, கேட்க விரும்புவோருக்கு வழி செய்ய வேண்டும். வீடுகளில் பழைய கசெட்டுகளோ, கையெழுத்துப் பிரதிகளோ, மேடை நிகழ்ச்சித் துண்டுப்பிரசுரங்களோ வைத்திருப்பவர்கள், ஈரத்தாலும் கறையானாலும் அவை அழிவதற்கு முன்பு நூலகம் நிறுவனம் போன்ற ஆவணக் காப்பகங்களிடம் ஒப்படைக்க வேண்டும். இந்த வேண்டுகோளைத் தங்கள் பத்திரிகை தொடர்ந்து வலியுறுத்துவதோடு, மரிக்காரைப் பற்றி எழுதும்போதெல்லாம் எஸ். ராம்தாஸ் என்ற பெயரையும் சேர்த்து அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு.