புது சர்வருக்குக் கையெழுத்துப் போடும் முன்: வடசென்னை யார்டு, க்ளியரிங் அலுவலக நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

மண்ணடியிலும் பாரிமுனையிலும் ராயபுரத்திலும் சரக்குக்குச் சுங்க அனுமதி வாங்கித் தரும் க்ளியரிங் அலுவலகம் நடத்துபவர்களுக்கும், மாதவரம், மணலி, திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கம் கன்டெய்னர் யார்டு நடத்துபவர்களுக்கும், உங்கள் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் நாங்கள் எழுதுவது.

வணக்கம்.

"நேத்து சாயங்காலம் சிஸ்டம் நின்னுபோச்சு, கேட்ல வண்டி வரிசை கட்டி நிக்குது" என்று போன் வரும். ஆள் வந்து சேர்வதற்குள் சிக்கல் தானாகவே விலகியிருக்கும். அந்த நொடி நிலவரத்தைக் காட்டும் டாப் கட்டளையைப் போட்டுப் பார்த்தால் சர்வர் சாதுவாக உட்கார்ந்திருக்கும். சாஃப்ட்வேர் கொடுத்தவர் சர்வரைக் கைகாட்டுவார், சர்வர் விற்றவர் சாஃப்ட்வேரைக் கைகாட்டுவார், இரண்டு பேரும் சேர்ந்து இன்டர்நெட் லைனைத் திட்டுவார்கள். கடைசியில் உங்கள் மேசைக்கு வருவது புது சர்வருக்கான கொட்டேஷன். நேற்று மாலை 5.40க்கு அந்த மெஷினுக்குள் என்ன நடந்தது என்பதற்கு மட்டும் யாரிடமும் ஒரு துண்டுச் சீட்டு ஆதாரம் கிடையாது.

நாங்கள் கேட்பது அந்த ஆதாரத்துக்கான அனுமதி. ஒவ்வொரு சர்வரிலும் லோடு (ஓடிக்கொண்டும் வரிசையில் காத்துக்கொண்டும் இருக்கும் வேலைகளின் எண்ணிக்கை), சிபியு, மெமரி, டிஸ்க், நெட்வொர்க், வெப்பம் இவற்றை நிமிடத்துக்கு ஒருமுறை பதிவுசெய்து, அந்தப் பதிவைக் குறைந்தது 13 மாதம் வைத்திருக்க வேண்டும். லைசென்ஸ் செலவு எதுவும் இல்லை. லினக்ஸில் சிஸ்ஸ்டாட் என்ற இலவசத் தொகுப்பு இதற்கென்றே இருக்கிறது. விண்டோஸில் பெர்ஃபார்மன்ஸ் மானிட்டர் கூடவே வருகிறது. உங்களில் பலருடைய சர்வரில் சிஸ்ஸ்டாட் ஏற்கெனவே ஏறியிருக்கலாம். ஆனால் டெபியன், உபுண்டு என்ற லினக்ஸ் வகைகளின் பல வெளியீடுகளில் அதை நிறுவினால் மட்டும் போதாது. டிஃபால்ட் கோப்பில் 'எனேபிள்டு' என்ற வரியை 'ட்ரூ' என்று மாற்றும்வரை அது ஒன்றும் எழுதாது. இருக்கிறது என்று நம்பி, தேவைப்படும் நாளில் போய்ப் பார்த்து ஏமாறுவது பெரும்பாலும் இந்த ஒரு வரியால்தான்.

நிமிடத்துக்கு ஒருமுறை ஏன்? சிஸ்ஸ்டாட் தானாக எடுத்துக்கொள்ளும் இடைவெளி 10 நிமிடம். அந்த 10 நிமிடத்தில் 2 நிமிடம் சிபியு 100 சதவீதத்தில் திணறி, மீதி 8 நிமிடம் 5 சதவீதத்தில் கிடந்தால் பதிவில் சராசரியாக 24 சதவீதம் என்று வரும். அதைப் பார்க்கிறவர் "ஒரு பிரச்சினையும் இல்லையே" என்பார். கேட்டில் டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது அந்த 2 நிமிடத்தில்தான். புது வெளியீடுகளில் இந்த இடைவெளியை, லினக்ஸில் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்-டியின் டைமர் பார்த்துக்கொள்கிறது. மாற்றும்போது 'ஆன்கேலண்டர்' என்ற வரியை முதலில் வெறுமையாக ஒருமுறை எழுதி, அதற்குக் கீழே புது இடைவெளியைத் தர வேண்டும். வெறும் வரியை விட்டுவிட்டால் பழைய அட்டவணையும் புதியதும் சேர்ந்தே ஓடும்.

இடம் அடைத்துவிடும் என்ற பயம் வேண்டாம். ஒரு பதிவுக்கு 10 கேபி என்று தாராளமாகவே வைத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு 1,440 பதிவு, சுமார் 14 எம்பி. 400 நாளுக்கு 6 ஜிபியைத் தாண்டாது. சில நாள் பழையதானதும் கோப்புகளைத் தானே சுருக்கியும் வைத்துக்கொள்ளும்.

13 மாதம் என்பதுதான் உங்களுக்கு அதிகமாகத் தெரியும். உங்கள் வேலையின் ஓட்டத்தை வைத்தே யோசியுங்கள். மாதாந்திர ஜிஎஸ்டி கணக்கில் 11ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவரம்), 20ஆம் தேதி 3பி (வரி கட்டும் சுருக்கப் படிவம்). மார்ச் 31 வந்தால் எல்லா மேசையிலும் ஒரே நேரத்தில் டேலி திறந்திருக்கும். புயல் வந்து துறைமுகம் மூடித் திறந்தால் தேங்கிய கப்பல்கள் அடுத்தடுத்து வரும், பில் ஆஃப் என்ட்ரி என்ற இறக்குமதிச் சுங்கப் படிவம் மொத்தமாகக் குவியும். இந்த மார்ச்சைப் போன மார்ச்சோடு ஒப்பிட முடிந்தால்தான் வேலை கூடியதா, மெஷின் தளர்ந்ததா என்று சொல்ல முடியும். டெபியன் வகைகளில் சிஸ்ஸ்டாட் வைத்திருப்பது 7 நாள், ரெட்ஹேட் வகைகளில் 28 நாள். 'ஹிஸ்டரி' என்ற அமைப்பை 400 என்று மாற்றினால் போதும். 28க்கு மேல் போனதும் கோப்புப் பெயரில் முழுத் தேதியும் சேரும், அதனால் அடுத்த மாதத்து 5ஆம் தேதி இந்த மாதத்து 5ஆம் தேதியை அழிக்காது.

மாதம் ஒருமுறை மட்டும் தலைகாட்டும் கோளாறுகள் 7 நாள் பதிவில் சிக்கவே சிக்காது. பல டிஸ்குகளை ஒன்றாகச் சேர்த்து வைக்கும் ரெய்டு அமைப்பை லினக்ஸ் சாஃப்ட்வேரிலேயே போட்ட பல சர்வர்களில் மாதத்தின் முதல் ஞாயிறு அதிகாலையில் டிஸ்க் முழுவதையும் சரிபார்க்கும் வேலை தானாகக் கிளம்பும். பெரிய டிஸ்க் என்றால் அது பல மணி நேரம் இழுக்கும். இரவு முழுக்க கேட்-இன் (வண்டி உள்ளே வருவதைப் பதியும் வேலை) ஓடும் யார்டில் ஞாயிறு விடியற்காலை என்பது ஓய்வு நேரம் இல்லை. ரெய்டு கார்டு வைத்தவர்களுக்கு வேறு தலைவலி. கார்டில் இருக்கும் பேட்டரி தன்னைச் சோதித்துக்கொள்ளும் நேரத்திலும், வயதாகிப் பலம் இழந்த பிறகும், கார்டு எழுத்துகளை கேஷில் (தற்காலிக நினைவகத்தில்) வாங்கிக்கொள்ளாமல் நேராக டிஸ்கில் எழுத ஆரம்பிக்கும். டிஸ்க் பழுதாகவில்லை, அலாரமும் பலசமயம் யார் காதிலும் விழாது. ஆனால் எழுதும் வேகம் பல மடங்கு சரிந்திருக்கும். பதிவில் டிஸ்க் காத்திருப்பு நேரம் ஒரு குறிப்பிட்ட தேதியிலிருந்து படிக்கட்டு ஏறியதுபோல் உயர்ந்து அங்கேயே நின்றால், முதலில் பார்க்க வேண்டியது அந்த பேட்டரியை. பேட்டரி விலைக்கும் சர்வர் விலைக்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்கே தெரியும்.

எதை எப்படிப் படிப்பது என்பதற்கு ஒரு கற்பனை வரிசை. 8 கோர் சர்வர், மாலை 5.40. ஒரு நிமிட லோடு 14. சிபியு சும்மா இருந்தது 78 சதவீதம், ஐஓ-வெயிட் (டிஸ்க் பதிலுக்காகக் காத்து நின்றது) 12 சதவீதம். தடைபட்டு நின்ற ப்ராசஸ் (ஓடும் நிரல்) 9. டிஸ்கின் சராசரிக் காத்திருப்பு 140 மில்லி நொடி.

8 கோருக்கு லோடு 14 என்றதும் சிபியு போதவில்லை என்று முடிவுகட்டுவார்கள். லினக்ஸ் லோடு சராசரி சிபியுவுக்காக நிற்பவர்களோடு, டிஸ்குக்காக அசையாமல் காத்திருப்பவர்களையும் சேர்த்தே எண்ணுகிறது. 1993லிருந்தே அப்படித்தான். மேலே சொன்ன வரிசையில் சிபியு முக்கால்வாசிக்கு மேல் சும்மா கிடக்கிறது, கூட்டம் முழுக்க டிஸ்க் வாசலில். நிமிடத்துக்கு 7,200 சுற்று ஹார்டு டிஸ்குக்குக் காத்திருப்பு 10 மில்லி நொடி அளவில் இருந்தால் சரி, 50ஐத் தாண்டியே நின்றால் கவலைப்பட வேண்டும். 140 என்றால் மேசையில் இருப்பவர் என்டர் தட்டிவிட்டு டீ குடித்து வரலாம். இங்கே 16 கோர் சர்வர் வாங்கினால் அதே டிஸ்க் வாசலில் இன்னும் பெரிய கூட்டம் நிற்கும், அவ்வளவுதான். டிஸ்க் பயன்பாடு 100 சதவீதம் என்று காட்டும் எண்ணையும் எஸ்எஸ்டியிலும் ரெய்டிலும் அப்படியே நம்ப வேண்டாம். அவை ஒரே நேரத்தில் பல வேலை பார்ப்பவை, 100 காட்டும்போதும் தெம்பு மிச்சம் இருக்கும். காத்திருப்பு நேரம்தான் நம்பகமான எண்.

லோடு ஏறியது தெரிகிறது, ஏற்றியது யார்? சிஸ்ஸ்டாட் இதற்குப் பதில் சொல்லாது. அது மெஷின் மொத்தத்துக்கும் கணக்கு எழுதும், ப்ராசஸ் வாரியாக எழுதாது. அதனால் பக்கத்திலேயே, ப்ராசஸ் வாரியாகப் பதிவு எழுதும் ஏ-டாப் என்ற கருவியும் ஓட வேண்டும். அதுவும் இயல்பாக 10 நிமிடத்துக்கு ஒருமுறைதான் எழுதும், 60 நொடியாக்க வேண்டும். 28 நாள் பதிவு இதற்குப் போதும், கோப்பு பெரிதாகிக்கொண்டே போகும். பிறகு எந்தத் தேதிக் கோப்பையும் திறந்து, 't' விசையைத் தட்டித் தட்டி நிமிடம் நிமிடமாக நகர்த்திப் பார்க்கலாம். சாயங்காலம் 5.40க்கு பேக்கப் ஸ்கிரிப்ட் ஓடியதா, யாராவது மொத்த வருஷத்து ரிப்போர்ட் எடுத்தார்களா என்று பெயரோடு தெரியும். ஓர் எச்சரிக்கை: ஏ-டாப் கட்டளை வரியையும் சேர்த்தே எழுதிக்கொள்கிறது. பேக்கப் ஸ்கிரிப்டில் டேட்டாபேஸ் பாஸ்வேர்டைக் கட்டளையிலேயே எழுதிவைத்திருந்தால் அது பதிவிலும் போய் உட்காரலாம். அந்தப் பாஸ்வேர்டைத் தனிக் கோப்புக்கு மாற்றுங்கள், பதிவு அடைவை ரூட் (தலைமை நிர்வாகிக் கணக்கு) மட்டும் படிக்கும்படி பூட்டுங்கள்.

சர்வர் வெளியில் வாடகைக்கு எடுத்த விர்ச்சுவல் மெஷின் என்றால் 'ஸ்டீல்' பத்தியைப் பாருங்கள், உங்கள் மெஷின் கேட்டும் சிபியு கிடைக்காமல் போன நேரம் அதில் இருக்கும். அது தொடர்ந்து 5, 10 சதவீதம் காட்டினால் உங்கள் பங்கு சிபியுவைப் பக்கத்து வீட்டுக்காரர் தின்கிறார். பதிவைக் காட்டித்தான் வாடகைக்கு விட்டவரிடம் பேச முடியும்.

வெப்பத்தை ஏன் சேர்த்தோம் என்று கேட்பீர்கள். இது நம் ஊர்ச் சமாச்சாரம். காசிமேடு, ராயபுரம் பக்கம் உப்புக் காற்று. எண்ணூர், மணலி பக்கம் சாம்பலும் லாரிப் புழுதியும். ஃபேனிலும் ஹீட்சிங்கிலும் அது படிந்தால் சிபியு சூடேறித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதே ஆட்கள், அதே வேலை, ஆனால் லோடு மட்டும் மாதாமாதம் ஏறும். வெப்பமும் சிபியு வேகமும் பதிவில் இருந்தால் இது பளிச்சென்று தெரியும், பிளோயரோடு ஒரு மணி நேரம் செலவழித்தால் தீரும். சிஸ்ஸ்டாட் இந்த எண்களை இயல்பாக எடுக்காது, சேகரிப்புத் தெரிவில் 'பவர்' தொகுதியைச் சேர்க்க வேண்டும். ஏசி டிரிப் ஆன மதியங்களும் இந்தப் பதிவில் மாட்டும்.

விண்டோஸ் சர்வர்களுக்குச் சுருக்கமாக: டேட்டா கலெக்டர் செட் ஒன்று, இடைவெளி 60 நொடி, ப்ராசஸர் நேரம், ப்ராசஸர் வரிசை நீளம், மிச்ச மெமரி, டிஸ்கில் ஒரு படிப்புக்கும் ஒரு எழுத்துக்கும் ஆகும் சராசரி நொடி. நாளுக்கொரு கோப்பு. சர்வர் ரீஸ்டார்ட் ஆனால் இந்தச் செட் தானாக மறுபடி கிளம்பாது. மெஷின் எழுந்ததும் கிளம்பும்படி டாஸ்க் ஷெட்யூலரில் கட்டிவைக்க வேண்டும். இல்லையென்றால் முதல் கரண்ட் கட்டோடு பதிவும் முடிந்துவிடும், யாருக்கும் தெரியாது.

சர்வர் ஐந்தாறுக்கு மேல் இருந்தால் எல்லா சர்வரின் எண்களையும் ஒரே இடத்தில் சேர்க்கும் ப்ரோமிதியஸும், அதை வரைபடமாகக் காட்டும் கிராஃபானாவும் வசதி. ப்ரோமிதியஸ் இயல்பாக 15 நாள் மட்டுமே வைத்திருக்கும், அதையும் 400 ஆக்க மறக்க வேண்டாம். மாறாத அளவுள்ள கோப்பில் சுழற்றி எழுதும் பழைய ஆர்ஆர்டி வகை வரைபடங்களை நம்பியிருப்பவர்கள் கவனிக்க: அவை நாள் ஆக ஆகப் பழைய எண்களைச் சராசரியாக்கித் தேய்த்துவிடும். உச்ச மதிப்பையும் தனியாக வைக்கச் சொல்லி அமைக்காவிட்டால், போன வருஷத்து நெரிசல் ஒரு சின்ன மேடாகத்தான் தெரியும்.

கடிகாரத்தைச் சரிசெய்யாமல் இதில் எதையும் தொடங்க வேண்டாம். கேட் சர்வர் 4 நிமிடம் முந்தி, டேட்டாபேஸ் சர்வர் 3 நிமிடம் பிந்தி ஓடினால் எது எதனால் நடந்தது என்றே சொல்ல முடியாது. மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 தேதியிட்டுப் போட்ட உத்தரவு கடிகாரங்களை என்ஐசி (தேசியத் தகவலியல் மையம்) அல்லது என்பிஎல் (தேசிய இயற்பியல் ஆய்வகம்) நேர சர்வரோடு பொருத்தச் சொல்கிறது, லாக்குகளை 180 நாள் வைத்திருக்கவும் சொல்கிறது. லோடு பதிவு அந்த லாக்குகளில் சேருமா என்று வாதாட வேண்டிய அவசியமே இல்லை, 13 மாதம் அதைத் தாண்டிவிடுகிறது. எக்ஸெலுக்கு மாற்றும்போது இன்னொரு வழுக்கல் உண்டு. சிஸ்ஸ்டாட்டின் ஏற்றுமதிக் கருவி நேரத்தை யுடிசியில் (நம் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால் இருக்கும் உலகப் பொது நேரத்தில்) எழுதும். காலை 10 மணி நெரிசல் விடியற்காலை 4.30க்கு வந்ததாகக் காட்டும், ஆள் இல்லாத நேரத்தில் யார் லாகின் ஆனார்கள் என்று செக்யூரிட்டியை விசாரிக்கக் கிளம்பிவிடுவார்கள். உள்ளூர் நேரத் தெரிவைப் போட்டு எடுக்கவும்.

பதிவு அதே சர்வரின் டிஸ்கிலேயே இருந்தால் டிஸ்கோடு அதுவும் போகும். 2023 டிசம்பர் மிக்ஜாம் மழையில் தரைத்தளத்தில் தண்ணீர் புகுந்ததைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. முதல் மாடியில் ஒரு பழைய டெஸ்க்டாப், 8 ஜிபி ராம், 500 ஜிபி எஸ்எஸ்டி போதும். தினமும் இரவு அன்றைய கோப்புகள் அங்கே நகலாகட்டும்.

எண்கள் பாதிதான். மீதி ஒரு நோட்டுப் புத்தகம். "17.35 பேக்கப் கையால் ஓட்டினோம். 18.05 ஏசி நின்றது. 21.10 யுபிஎஸ் மாறியது." இவ்வளவு போதும், கையெழுத்து கோழிக் கிறுக்கலாக இருந்தாலும் பரவாயில்லை. மெஷின் விழுந்து எழுந்தால் சிஸ்ஸ்டாட் 'லினக்ஸ் ரீஸ்டார்ட்' என்று ஒரு வரி எழுதும். ஏன் விழுந்தது என்பது நோட்டில்தான் இருக்கும். இதை ஐடி ஆள் எழுத வேண்டும் என்பதில்லை. ஷிஃப்ட் சூப்பர்வைசர் எழுதினால் இன்னும் நல்லது, கேட்டில் நடப்பது அவருக்குத்தான் தெரியும்.

உங்களிடமிருந்து வேண்டியவை: பதிவுக்கான எழுத்துபூர்வ அனுமதி, அந்த ஒரு பழைய டெஸ்க்டாப், நோட்டுக்கு ஒரு பொறுப்பாளர், மாதம் ஒருமுறை அரை மணி நேரம் பதிவைச் சேர்ந்து பார்க்க உங்கள் நேரம். பதிவு ஓடத் தொடங்கி 60 நாள் ஆகும்வரை புது சர்வர் கொட்டேஷன் எதையும் நிறுத்திவையுங்கள். அதற்கு முன்பே சர்வர் உட்கார்ந்துவிட்டால் அது வேறு பேச்சு. 60 நாளுக்குப் பிறகும் சிபியுதான் போதவில்லை என்று பதிவு சொன்னால், எத்தனை கோர் வேண்டும் என்று நாங்களே எழுதித் தருகிறோம். வருகிற 11ஆம் தேதிக்கு முன் தொடங்கினால் முதல் மாதத்து ஜிஎஸ்டி நெரிசலே பதிவில் விழுந்துவிடும்.

இப்படிக்கு,
உங்கள் சர்வர் அறைச் சாவியை வைத்திருப்பவர்கள்