எல்இடி மங்கலாக எரிகிறதா, அணைய மறுக்கிறதா? வாடிக்கையாளர்களுக்கு ஒரு விளக்க மடல்

அன்புடையீர், வணக்கம்.

பிசி547 (BC547) டிரான்சிஸ்டரின் கையிருப்பு தீர்ந்துவிட்டதால், அண்மையில் நாங்கள் அனுப்பிய பயிற்சிப் பெட்டிகள் சிலவற்றில் அதற்குப் பதிலாக 2என்3904 (2N3904) வைத்திருந்தோம். இரண்டும் என்பிஎன் வகையே. மைக்ரோகன்ட்ரோலரை (நிரல் எழுதி இயக்கும் சிறு கணினிச் சில்லு) கொண்டு எல்இடியை எரியவிட்டு அணைக்கும் வேலைக்கு எதை வைத்தாலும் போதும். ஆனால் இரண்டிலும் கால்களின் வரிசை வேறு என்பதை ஒரு துண்டுச் சீட்டில்கூட எழுதி வைக்காமல் விட்டது எங்கள் தவறு. அதற்கு முதலில் வருந்துகிறோம். பழுது என்று திரும்பி வந்த டிரான்சிஸ்டர்களைச் சோதித்தபோது அவற்றுள் பெரும்பாலானவை நல்ல நிலையிலேயே இருந்தன.

டிரான்சிஸ்டரின் மூன்று கால்களில் பேஸ் என்பது கட்டுப்படுத்தும் கால்; அதில் பாயும் சிறு மின்னோட்டம், கலெக்டரிலிருந்து எமிட்டருக்குப் பெரிய மின்னோட்டத்தை ஓடவிடும். தட்டையான முகம் உங்களைப் பார்க்க, கால்கள் கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்தால், பிசி547-இல் இடமிருந்து வலமாக கலெக்டர், பேஸ், எமிட்டர் என்று வரும். 2என்3904-இல் எமிட்டர், பேஸ், கலெக்டர் என்று வரும். பேஸ் இரண்டிலும் நடுவிலேயே இருப்பதால், பிசி547-க்கான பழைய படத்தைப் பார்த்து 2என்3904-ஐச் செருகியவர்களுக்குக் கலெக்டரும் எமிட்டரும் மட்டும் இடம் மாறியிருக்கும். இந்த நிலையில் டிரான்சிஸ்டர் அடியோடு நின்றுவிடுவதில்லை என்பதுதான் குழப்பத்துக்குக் காரணம். தலைகீழாகவும் அது வேலை செய்யும். பெருக்கம் (கலெக்டர் மின்னோட்டம் பேஸ் மின்னோட்டத்தைப்போல் எத்தனை மடங்கு என்பது) மட்டும் மிகக் குறைந்துவிடும் என்பதால் எல்இடி மங்கலாக எரியும். 5 வோல்ட் சுற்றில் அதைத் திருப்பிச் செருகினாலே சரியாகிவிடும்.

12 வோல்ட் சுற்றில் கதை வேறு. எமிட்டருக்கும் பேஸுக்கும் இடையே எதிர்த்திசையில் 6 வோல்ட் வரைதான் தாங்கும் என்று டேட்டாஷீட்டில் (தயாரிப்பாளரின் விவரத்தாளில்) குறிப்பிட்டிருக்கிறார்கள். கால்கள் மாறிய நிலையில், நிரல் மைக்ரோகன்ட்ரோலரின் பின்னை (பேஸுக்கு இணைத்த முனையை) லோ ஆக்கிய, அதாவது 0 வோல்டுக்கு இறக்கிய பிறகும், மின்னோட்டம் எல்இடி வழியாக எமிட்டருக்குள் நுழைந்து, பேஸ் வழியே வெளியேறி, மைக்ரோகன்ட்ரோலரின் பின்னுக்குள்ளேயே இறங்கக்கூடும். "அணைத்தாலும் இலேசாக எரிகிறது" என்று எழுதியவர்களில் சிலருக்கு நேர்ந்தது இதுதான் என்று கருதுகிறோம். இப்படிச் சிறிது நேரம் ஓடிய டிரான்சிஸ்டரின் பெருக்கம் நிரந்தரமாகக் குறைந்துபோக வாய்ப்புண்டு. ஆகவே 12 வோல்டில் மாற்றிச் செருகியவர்கள் அதைத் திருப்பிப் பயன்படுத்த வேண்டாம். எங்களுக்குத் தெரிவித்தால் வேறொன்று அனுப்பிவைக்கிறோம்.

கால்கள் சரியாக இருந்தும் எல்இடி எரியவில்லையென்றால், நிரலைத் திரும்பத் திரும்பத் திருத்துவதற்கு முன் ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். பேஸுக்கான ரெசிஸ்டரின் மறுமுனையை மைக்ரோகன்ட்ரோலரின் பின்னிலிருந்து கழற்றி, போர்டின் 5 வோல்டில் தொட்டு வையுங்கள். (ரெசிஸ்டரின் முனையைத்தான் தொட வேண்டும், பேஸையே 5 வோல்டில் தொட்டால் டிரான்சிஸ்டர் போய்விடும்.) எல்இடி எரிந்தால் சுற்றில் குறையில்லை, நிரலில் பின்னின் எண்ணையும், அதை அவுட்புட் ஆக அறிவித்திருக்கிறீர்களா என்பதையும் பாருங்கள். எரியாவிட்டால் பேஸுக்கும் எமிட்டருக்கும் இடையே மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். ஏறத்தாழ 0.7 வோல்ட் காட்டினால் பேஸில் மின்னோட்டம் பாய்கிறது என்று பொருள். எல்இடி திரும்பியிருக்கிறதா, பிரெட்போர்டில் ஒரு துளை தள்ளிச் செருகியிருக்கிறதா என்று அடுத்துப் பார்க்கலாம். அந்த 0.7 வோல்ட் வராவிட்டால் முதலில் கிரவுண்டை (சுற்றின் பொதுவான 0 வோல்ட் இணைப்பை) சந்தேகியுங்கள். எல்இடிக்குத் தனி அடாப்டர் கொடுப்பவர்கள், அதன் நெகட்டிவை மைக்ரோகன்ட்ரோலர் போர்டின் கிரவுண்டோடு இணைக்க மறந்துவிடுவது நாங்கள் அடிக்கடி காணும் பிழை. பேஸ் மின்னோட்டம் திரும்பிப் போக வழியில்லாவிட்டால் எந்த டிரான்சிஸ்டரும் திறக்காது.

எரிகிறது, ஆனால் போதிய வெளிச்சம் இல்லை என்போர் பேஸ் ரெசிஸ்டரின் மதிப்பைக் கவனிக்க வேண்டும். திரும்பி வந்த ஒரு போர்டில் 80 மில்லிஆம்பியர் இழுக்கும் 12 வோல்ட் எல்இடி பட்டை இருந்தது. பேஸில் 10 கிலோ ஓம் போட்டிருந்தார்கள். 5 வோல்டில் 0.7 போக மீதி 4.3 வோல்ட், அதை 10 கிலோ ஓமால் வகுத்தால் 0.43 மில்லிஆம்பியர்தான் வரும். கலெக்டருக்கும் எமிட்டருக்கும் இடையே அளந்தபோது 1.6 வோல்ட் காட்டியது. டிரான்சிஸ்டரைத் தொட்டால் இளஞ்சூடு தெரிந்தது. அந்த ரெசிஸ்டரை எடுத்துவிட்டு 1 கிலோ ஓம் வைத்ததும் அளவு 0.2 வோல்டுக்கு இறங்கியது, பட்டையும் முழு வெளிச்சத்துக்கு வந்தது. சுவிட்சாகப் பயன்படுத்தும்போது டேட்டாஷீட்டில் உள்ள 100, 200 என்ற பெருக்க எண்ணை நம்பிக் கணக்கிடாதீர்கள். கலெக்டர் மின்னோட்டத்தில் பத்தில் ஒரு பங்கு, குறைந்தது இருபதில் ஒரு பங்காவது பேஸுக்குப் போகட்டும். 3.3 வோல்ட் போர்டில் அதே 1 கிலோ ஓம் 2.6 மில்லிஆம்பியர்தான் தரும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

பட்டையைக் கலெக்டர் பக்கம் வைக்காமல் எமிட்டருக்கும் கிரவுண்டுக்கும் இடையே வைத்த வாடிக்கையாளர் ஒருவர், 12 வோல்ட் எங்கே போயிற்று என்று கேட்டிருந்தார். எமிட்டர் எப்போதும் பேஸைவிட 0.7 வோல்ட் கீழேதான் நிற்கும். பேஸுக்கு 5 வோல்டுக்கு மேல் கிடைக்காதபோது பட்டைக்கு 4.3 வோல்டுக்கு மேல் கிடைக்காது. எமிட்டரை நேரே கிரவுண்டிலும், பட்டையைக் கலெக்டருக்கும் 12 வோல்டுக்கும் இடையிலும் வைக்க வேண்டும்.

பட்டையின் நீளத்தைக் கூட்ட நினைப்பவர்களுக்கு ஒன்று: பிசி547-இன் உச்ச வரம்பு 100 மில்லிஆம்பியர், 2என்3904-இன் வரம்பு 200. அந்த எல்லை வரை ஓட்டுவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. அதற்கு லாஜிக் லெவல் மாஸ்ஃபெட் (மைக்ரோகன்ட்ரோலர் பின்னின் வோல்டேஜிலேயே திறக்கும் இன்னொரு வகை டிரான்சிஸ்டர்) ஒன்றை வாங்குவதே நல்லது.

இவ்வளவு பார்த்தும் சரியாகாவிட்டால், பின்னை ஹை ஆக்கிய நிலையில் பின், பேஸ், கலெக்டர் ஆகிய மூன்றிலும் கிரவுண்டை வைத்து அளந்த வோல்டேஜையும், ரெசிஸ்டர்களின் மதிப்பையும், டிரான்சிஸ்டரின் மேல் அச்சிட்டுள்ள எண்ணையும் எழுதி அனுப்புங்கள். இனி வரும் பெட்டிகளில் கால்களின் படம் அச்சிட்ட சீட்டு இருக்கும்.

இப்படிக்கு,
விற்பனைக்குப் பிந்தைய சேவைப் பிரிவு