எலிசபெத்தோட கேள்வியை அவங்க பேர்லயே சொல்லிக்குடுங்க

தத்துவ வரலாறு பாடம் எழுதுறவங்களுக்கும் அதை வகுப்புல நடத்துறவங்களுக்கும்,

வணக்கம். பதினேழாம் நூற்றாண்டு பிரெஞ்சு தத்துவவாதி தெக்கார்த் பாடம்னாலே மனசு வேற உடம்பு வேறன்னு ஆரம்பிச்சு, "இதுல ஒரு சிக்கல் இருக்கு"ன்னு ஒரு வரி வரும். சிக்கலைக் கண்டுபிடிச்சது யாருன்னு மட்டும் வராது. நான் படிச்சப்போ பொஹீமியா இளவரசி எலிசபெத் பேரு நோட்ஸ்ல ஒரே ஒரு இடத்துலதான் இருந்துச்சு, அதுவும் புரவலர்கள்னு போட்டு ஸ்வீடன் ராணி கிறிஸ்டினா பக்கத்துல.

கிறிஸ்டினா சரி, நாட்டை ஆண்டவங்க, தெக்கார்த்தை ஸ்டாக்ஹோமுக்கே வரவழைச்சாங்க. எலிசபெத் கிட்ட குடுக்க என்ன இருந்துச்சு? அப்பா 1620ல வெள்ளை மலைப் போர்ல தோத்து சிம்மாசனம் போனப்புறம், நெதர்லாந்துல ஹேக் நகரத்துல அடுத்தவங்க தயவுல கடனோட காலத்தை ஓட்டின குடும்பம் அது.

அங்கேருந்து 1643 மே மாசம், 24 வயசுல அவங்க தெக்கார்த்துக்கு எழுதின முதல் கடிதத்தை தயவுசெஞ்சு முழுசா படிங்க. ஒண்ணு நகரணும்னா தள்ளணும், தள்ளணும்னா தொடணும், தொடணும்னா இடத்தை அடைக்கிற உடம்பு வேணும், ஆத்மாவுக்கு அது எதுவுமே கிடையாதுன்னு நீங்களே சொல்றீங்க, அப்புறம் அது எப்படி உடம்பை அசைக்குதுன்னு கேக்குறாங்க. கனம் ஒரு பொருளைக் கீழ கொண்டுபோற மாதிரின்னு அவரு உதாரணம் சொல்லிப் பாக்குறார். இவங்க விடல. பொருளே இல்லாத ஒண்ணு உடம்பை அசைக்கும்னு நம்புறதை விட, ஆத்மாவும் இடத்தை அடைக்கிற பொருள்தான்னு ஒத்துக்கறது எனக்கு சுலபம்னு ஜூன்ல எழுதுறாங்க. வீட்டு விவகாரம், தட்டமுடியாத சந்திப்பு பேச்சுன்னு மனசு களைச்சுப் போகுதுன்னு சொல்றதும் இதே கடிதத்துலதான். அதுக்கு அவர் பதில் என்ன தெரியுமா, ஆத்மாவும் உடம்பும் சேந்திருக்கறது யோசிச்சுப் புரியற விஷயம் இல்ல, சாதாரணமா வாழ்ந்து பேசிப் பழகினாத்தான் தெரியும்னு. எனக்கு இது பதிலாவே தோணல.

உணர்ச்சிகளுக்கு விளக்கம் குடுங்கன்னு 1645ல இவங்க கேட்டதுலதான் 'ஆத்மாவின் உணர்ச்சிகள்'ங்கற அவரோட 1649 புத்தகம் பொறந்துச்சு. இவங்க தங்கச்சி சோஃபியாவும் அவங்க மக சோஃபி ஷார்லட்டும் ஜெர்மன் தத்துவவாதி லைப்னிட்ஸோட வருஷக்கணக்கா இதே மாதிரி வாதாடினவங்க, அவங்களையும் விருந்து வச்ச ராணிகள் மாதிரிதான் எழுதுறீங்க.

ஒரு நியாயம் உங்க பக்கமும் இருந்துச்சு. தெக்கார்த் இறந்தப்புறம் தன் கடிதங்களை அச்சுல போட எலிசபெத் சம்மதிக்கல, அதனால 1657ல அவரோட பதில்கள்தான் வெளிவந்துச்சு, இவங்க எழுதினது அச்சாக 1879 ஆயிடுச்சு. சரி, அதுவரைக்கும் யாருக்கும் தெரியல. அதுக்கப்புறமும் ஏன் அவங்க பேரு வரல?

அடுத்த பதிப்புல அந்த மே, ஜூன் கடிதங்களை அவரோட பதிலுக்கு முன்னாடி போடுங்க. பரீட்சைல "எலிசபெத்தின் கேள்வியை விளக்குக"ன்னு கேளுங்க.

இப்படிக்கு,
தத்துவம் படிச்ச ஒரு பழைய மாணவி