பாடாமல் நிற்கிற பிள்ளைக்கும் அங்கே இடம் இருக்கட்டும்

அன்புள்ள மருமகனுக்கு,

வடகொரியத் தலைநகர் பியோங்யாங்கில் பிள்ளைகள் கூட்டமாக ஒரே சீராக நிகழ்ச்சி நடத்துகிற வீடியோவை நீ அனுப்பியிருந்தாய், முழுவதும் பார்த்தேன். "இப்படி ஒரு ஒழுங்கு நம்ம பிள்ளைகளுக்கு எப்போ வரும் மாமா?" என்று கேட்டிருந்தாய். டிசம்பரில் நாகர்கோவிலில் பல சபைகளின் கொயர்களை, அதாவது பாடகர் குழுக்களைச் சேர்த்து ஆயிரம் பேரைப் பாட வைக்கப்போகிறவன் நீ. கொயர் நடத்துகிற மற்றவர்களும் வாசிக்கட்டும் என்றுதான் இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

அங்கே மே தின அரங்கத்தில் நடக்கிற அந்தக் கூட்டு நிகழ்ச்சிகளுக்குப் பிள்ளைகளை மாதக்கணக்கில், பள்ளிப் படிப்பைக் கெடுத்துப் பழக்குகிறார்கள்; பயிற்சியில் மயங்கி விழுகிறவர்களும் உண்டு. வடகொரியா பற்றிய ஐ.நா. விசாரணை ஆணையம் 2014இல் இதைப் பதிவு செய்திருக்கிறது. நீ ரசித்த ஒழுங்கு அங்கிருந்து வருகிறது, மக்களே.

ஆனால் வதை மட்டும்தான் பிரச்சினை என்று நினைத்துவிடாதே. ஜெர்மனியில் 1933க்குப் பிறகு தேசியப் பாடலை அடுத்து நாஜிக் கட்சியின் ஹோர்ஸ்ட் வெஸல் பாட்டையும் பாட வேண்டும், வலது கையை நீட்டியபடி. அந்த ஆண்டு இலையுதிர் காலத்தில் சட்டப் பயிற்சியில் இருந்த இளைஞர்களை யூட்டர்போக் என்ற ஊரில் முகாமில் அடைத்தார்கள். தேர்வு எழுத வேண்டுமானால் முகாமுக்குப் போயே ஆகவேண்டும். ஒருநாள் ரேடியோவில் ஹிட்லரின் பேச்சு முடிந்ததும் இரண்டு பாட்டும் வந்தன. எல்லோரும் எழுந்து கையை நீட்டினார்கள். அவர்களில் ஒருவர் செபாஸ்டியன் ஹாஃப்னர். நாஜிகளை அடியோடு வெறுத்தவர், பின்னால் இங்கிலாந்துக்குத் தப்பியவர். அவரும் கையை நீட்டினார். இது கணக்கில் வராது, இது நான் இல்லை என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டு, கோயிலில் பாட்டு தெரியாதவர்கள் செய்வதுபோல உதட்டை மட்டும் அசைத்தார். அந்த அறையில் ஒவ்வொருவரும் மற்றவருக்கு கெஸ்டபோவாக, அதாவது நாஜி ரகசியப் போலீஸாக நின்றோம் என்று பிறகு எழுதினார்.

இதை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். அந்தப் பாட்டு யாரையும் நம்ப வைக்க வேண்டியதில்லை. உதடு அசையாதவன் யார் என்று பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரிந்தால் போதும். பேச்சைக் கேட்கும்போது மனதுக்குள் மறுத்துக்கொண்டே உட்கார்ந்திருக்கலாம். பாட்டில் உன் மூச்சையே கேட்கிறார்கள். ஆப்பிரிக்காவில் சர்வாதிகாரி மொபுட்டு ஆண்ட ஜயரில் (இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசு) அலுவலக ஊழியர்களும் பள்ளிப் பிள்ளைகளும் தலைவரைப் புகழ்ந்து பாடி ஆட வேண்டியிருந்ததும் இதே கணக்கில்தான்.

கூட்டாகப் பாடுவதே ஆபத்து என்று நான் சொல்லவில்லை. அய்யாவழிக்காரர்கள் சேர்ந்து சொல்கிற உகப்படிப்பு வழிபாட்டைக் கேட்டும் கீர்த்தனை பாடியும் வளர்கிற மாவட்டம் இது. எஸ்டோனியாவைப் பார். 1869இல் தார்த்து நகரில் தொடங்கிய பாட்டு விழாவை சோவியத் அரசு கையில் எடுத்து, ஸ்டாலின் துதியை நிரலில் ஏற்றியது. 1950 விழாவின் முக்கியக் கொயர் நடத்துநர்கள் மூன்று பேரைக் கைது செய்தது. லிடியா கோய்டுலாவின் தாய்நாட்டுக் கவிதைக்கு குஸ்தாவ் எர்னெசாக்ஸ் மெட்டமைத்த பாட்டு நிரலிலிருந்து காணாமல் போனது. 1960இல் தாலின் நகர விழாவில் மக்கள் நிரலைப் பார்க்காமல் தாங்களாகவே அதை எடுத்துப் பாடினார்கள். 1988இல் அதே தாலின் மைதானத்தில் பெருங்கூட்டம் திரண்டு பாடியது. 1991 ஆகஸ்டில் நாடு விடுதலை பெற்றது. அந்தப் பாட்டுக்கு யாரும் வருகைப் பதிவு எடுக்கவில்லை என்பதை மட்டும் கவனி.

நம் தாத்தாக்கள் திருவிதாங்கூர்ப் பள்ளிகளில் மகாராஜாவை வாழ்த்தி 'வஞ்சி பூமி' பாடியவர்கள். மன்னராட்சியை ஹிட்லரோடு ஒரே தராசில் வைக்கவில்லை. ஆனால் அப்படிப் பாடி வளர்ந்த தலைமுறைதான் பிறகு தாய்த் தமிழகத்தோடு சேரப் போராடியது. 1956 நவம்பர் 1இல் சேர்ந்தும் விட்டது. வாயில் ஏற்றிய பாட்டு மனதில் ஏறியதா என்று எந்த அரசுக்கும் தெரிவதில்லை.

நமக்குப் பக்கத்தில், கேரளத்தில், 1985இல் யெகோவாவின் சாட்சிகள் குடும்பத்துப் பிள்ளைகள் மூன்று பேரைப் பள்ளியிலிருந்து நீக்கினார்கள். தேசிய கீதத்துக்கு மரியாதையாக எழுந்து நின்றார்கள், ஆனால் விசுவாசத்தின் காரணமாகப் பாடவில்லை. 1986இல் உச்ச நீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது: பாடியே ஆகவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. நீதிபதி சின்னப்ப ரெட்டி எழுதிய அந்தத் தீர்ப்பை உன் கொயரில் இருக்கிற பெரிய பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டு.

இப்போது உன் நிகழ்ச்சி. பயிற்சிக்கு வராதவர் பெயரைச் சபையில் வாசிக்கப்போவதாகச் சுற்றறிக்கையில் போட்டிருக்கிறாய். சிறப்பு விருந்தினருக்கு எல்லோரும் சேர்ந்து வாழ்த்துப் பாட்டு என்றும் இருக்கிறது. பெயர் வாசிப்பதை எடுத்துவிடு. வாழ்த்துப் பாட்டை விரும்புகிறவர்கள் பாடட்டும். ஆயிரம் எழுநூறாகக் குறைந்தால் குறையட்டும். டெனரில், அதாவது ஆண்களின் மேல்குரல் பகுதியில், ஆள் போதாவிட்டால் நான் வருகிறேன். திருத்திய சுற்றறிக்கையை ஞாயிற்றுக்கிழமைக்கு முன் எனக்கு அனுப்பு.

அன்புடன்,
மாமா